பட்டியலில் மூன்றாவது பெயர்

பதினோராயிரத்து எழுநூற்று ஆறு. பத்தொன்பது ஆண்டுகளில் அந்த அடித்தள அறையிலிருந்து வெளியே போன படங்களின் எண்ணிக்கை இது. அத்தனையும் எடுத்தவர் ஒருவர்தான். இலையின் அடிப்பக்கத்துத் துளைகள், மகரந்தத் தூளின் முட்கள், வேரின் நுனியில் ஒட்டிய மண், குளத்துப் பாசியின் செல் சுவர். ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன, பாடப் புத்தக அட்டையில் வந்திருக்கின்றன, கல்லூரி முகப்பில் ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறார்கள். எதிலும் அவர் பெயர் கிடையாது. கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'மின் நுண்ணோக்கி அறைக்கு நன்றி.' அறைக்கு நன்றி. நான்கு சுவருக்கும் ஒரு கதவுக்கும் நன்றி.

போன மார்ச் பதினான்காம் தேதி முதன்முறையாக அவர் பெயர் அச்சில் வந்தது. ஐந்து பேர் கொண்ட பட்டியலில் மூன்றாவது. அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. அந்தப் பெயரை எடுக்கச் சொல்லித்தான் தொடங்கினார்; இன்றுவரை ஓயவில்லை.

அவரைக் கல்லூரியில் எல்லோரும் கூப்பிடுவது தங்கக்கா என்று. வீட்டில் வைத்த பெயர் அதுவல்ல. எலக்ட்ரான் கற்றை படும் மேற்பரப்பில் மின்சாரம் ஓட வேண்டும். இலைக்கும் பாசிக்கும் அந்தக் குணம் இல்லாததால், படமெடுக்கும் முன் மெல்லிய தங்கப் பூச்சு கொடுக்க வேண்டும். தலைமுடியின் தடிமனை எட்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்தப் பூச்சை அங்கே அவர்தான் போடுகிறார். "எங்க வீட்டம்மா தினமும் தங்கத்துலதான் புரள்றாங்க. காதுல கிடக்கிறது மட்டும் கவரிங்" என்பது அவர் கணவரின் பழைய ஜோக். பேருந்து ஓட்டுநர். ஒரே ஜோக்கை இருபது வருஷம் ஓட்டக்கூடியவர்.

தாவரவியல் படித்துவிட்டு, உலர்ந்த செடி ஒட்டிய அட்டைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவர் தங்கக்கா. மூன்றாவது மாதம் பெட்டி பெட்டியாக இயந்திரம் வந்து இறங்கியது. எல்லாப் பேராசிரியர்களுக்கும் படம் வேண்டும். ஜன்னல் இல்லாத குளிர் அறையில் உட்கார ஒருவருக்கும் ஆசையில்லை. கம்பெனிப் பொறியாளர் ஒன்பது நாள் பயிற்சி கொடுத்தார். முதல் நாள் ஏழு பேர் குறிப்பெடுத்தார்கள். ஒன்பதாம் நாள் பொறியாளரும் பெயர்ச்சீட்டுப் பெண்ணும் மட்டும் இருந்தார்கள்.

"வேலை தேடி நான் போகலை. எல்லாரும் எழுந்து போனாங்க, நான் போகலை, அவ்வளவுதான்" என்கிறார்.

அந்த முதல் வருஷத்தில் ஒரு விநோதம் நடந்தது. இருபதாயிரம் மடங்கு பெரிதாக்கினால் படம் நடுங்கியது. எப்போதும் இல்லை, அவ்வப்போது. பேராசிரியர்கள் இயந்திரம் சரியில்லை என்றார்கள். தங்கக்கா மூன்று நாள் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடுங்குகிறது என்று கண்டுபிடித்தார். படியேறித் தெருவுக்கு வந்து பார்த்தால், சுவருக்குப் பின்னால் பேருந்து நிறுத்தம். எஞ்சினை அணைக்காமல் ஒரு ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் சார், உங்க வண்டி என் படத்தை ஆட்டுது."

"என்னது?"

"கீழே ஒரு பூவோட தூளைப் பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க வந்தா அது ஆடுது."

"நான் வந்தா பூ ஆடுதா? இதை யாரும் என்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லைங்க."

மறுநாளிலிருந்து அந்த நிறுத்தத்தில் எஞ்சின் அணைந்தது. எட்டு மாதம் கழித்துக் கல்யாணம். ஒரு நடுக்கத்துக்குக் காரணம் தெரியாமல் அடுத்த படத்துக்குப் போகாத பெண் இவர் என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கட்டுரை.

துறைத் தலைவர் பாசி ஆராய்ச்சிக்காரர். குடிநீர் ஏரிகளில் படரும் பாசியை அழிக்க ஒரு நிறுவனம் தயாரித்த திரவத்தைப் பரிசோதித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். வேலையைச் செய்தது அவருடைய ஆய்வு மாணவி. முப்பது வயது, கைக்குழந்தைக்காரி, முனைவர் பட்டத்தின் நான்காம் வருஷம். எடுத்துக்கொண்ட பாசி நான்கு செல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வாழும் பச்சைப்பாசி. தங்கக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நாலு பேர் பெஞ்ச்'. திரவம் ஊற்றாத பாசி ஒரு தொகுதி, ஊற்றிய பாசி ஒரு தொகுதி. இரண்டையும் படமெடுத்து ஒப்பிட வேண்டும்.

ஈரமான எதையும் அந்த இயந்திரத்துக்குள் வைக்க முடியாது. உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சிவிடுவார்கள். எனவே முதலில் உலர்த்த வேண்டும். அங்கேதான் வம்பு. பாசியைச் சும்மா காற்றில் காயவிட்டால், போகிற தண்ணீர் மெல்லிய செல் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும், செல் சப்பிப்போகும். அதைத் தடுக்கத் தண்ணீரைப் படிப்படியாக ஆல்கஹாலால் மாற்றி, பிறகு ஒரு கனத்த இரும்புக் கலத்துக்குள் அழுத்தத்தில் திரவக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, சூடாக்கி, அதை வாயுவாக வெளியேற்றுவார்கள். செல் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே உப்பலாக நிற்கும். அரை நாள் வேலை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை. திரவம் ஊற்றாத தொகுதி கலத்திலிருந்து நன்றாக வந்தது. ஊற்றிய தொகுதியை வைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் விழுந்தது. புது சிலிண்டர் திங்கட்கிழமைதான் வரும். மாணவிக்குச் சனிக்கிழமை நிறுவனத்து ஆட்களோடு கூட்டம்.

"அக்கா, இது காத்துலயே காயட்டும். சும்மா காட்டுறதுக்குத்தானே."

"காயட்டும். ஆனா இதை அதோட பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்."

"ஐயோ, ஒப்பிட மாட்டேன் அக்கா. திங்கட்கிழமை மறுபடி செஞ்சிடலாம்."

தங்கக்கா பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்: 'சிலிண்டர் காலி. இரண்டாம் தொகுதி காற்றில் உலர்ந்தது. ஒப்பிட உதவாது.' படக் கோப்புகளின் பெயரிலும் 'காற்று' என்று சேர்த்தார். திங்கட்கிழமை புது சிலிண்டர் வந்தது. மாணவி வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள். அப்புறம் அவள் ஆய்வேட்டின் வேறு பகுதியை எழுதப் போய்விட்டாள்.

மார்ச்சில் வாழ்த்துகள் வரத் தொடங்கின. நூலகர் கை குலுக்கினார். காவலாளி, "நம்ம அக்கா பேர் பேப்பர்ல வந்துடுச்சாமே!" என்றார். தங்கக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கணினியில் கட்டுரையைத் திறந்தார். மூன்றாவது படத்துக்கு வந்ததும் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

இடப்பக்கம் உப்பலான நாலு பேர் பெஞ்ச். வலப்பக்கம் வதங்கிச் சுருண்ட நாலு பேர் பெஞ்ச். நடுவில் ஒரு அம்புக்குறி. கீழே: 'திரவம் செல் சுவரைச் சிதைத்ததற்கான நேரடிச் சான்று.' கோப்பின் பெயரிலிருந்த 'காற்று' காணாமல் போயிருந்தது. போதாதென்று படத்துக்கு யாரோ வண்ணம் தீட்டியிருந்தார்கள். நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குப் பழுப்பு. எலக்ட்ரானுக்கு நிறமே தெரியாது. அந்த இயந்திரம் பிறந்ததிலிருந்து ஒரு பச்சையைப் பார்த்ததில்லை.

அடியில் இன்னும் மோசமான வரி ஒன்று காத்திருந்தது. 'இரு தொகுதிகளும் ஒரே முறையில் உலர்த்தப்பட்டன.' யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியலில்: 'மாதிரிகளை உலர்த்தல், படமெடுத்தல் – மூன்றாம் ஆசிரியர்.'

அதாவது, பத்தொன்பது வருஷம் உண்மையான படங்களுக்கு வேண்டாத பெயர், ஒரு பொய்க்குக் காவல் நிற்கத் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்று மாடி ஏறிப் போனார் தங்கக்கா. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

"வாங்க, வாங்க! பார்த்தீங்களா? மூணாவது பேரா போட்டிருக்கேன்" என்றார் துறைத் தலைவர், தட்டில் எதையோ எடுத்து நீட்டுபவர் போல.

"சார், அந்த ரெண்டாவது தொகுதி காத்துல காஞ்சது."

"அதனால?"

"அதனால சுருங்கியிருக்கு. மருந்தால இல்ல. திராட்சையைக் காயவெச்சா உலர்திராட்சை. அதைப் பார்த்துட்டு, ஐயோ விஷம் குடிச்ச திராட்சைன்னு சொல்லுவோமா சார்?"

அவர் சிரித்தார். தங்கக்காவுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"கட்டுரையைச் சரிபார்த்தவங்கள்ல ஒருத்தர் இதைக் கேட்டார்தான். ரெண்டையும் ஒரே மாதிரி காயவெச்சீங்களா, யார் செஞ்சதுன்னு. அதான், அனுபவசாலி ஒருத்தர் செஞ்சார்னு உங்க பேரைச் சேர்த்தேன். உங்களுக்கும் ஒரு கௌரவம் ஆச்சே."

"நான் செய்யாததை நான் செஞ்சேன்னு எழுதறதா கௌரவம்?"

"இங்க பாருங்க. நீங்க பட்டனை அழுத்துங்க. படத்துக்கு அர்த்தம் என்னன்னு நாங்க பார்த்துக்கறோம்."

அன்று மாலை வீட்டில் இனிப்பு வாங்கி வைத்திருந்தார்கள். நாத்தனார் பள்ளி ஆசிரியை. செய்தியை உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"பேர் வரலைன்னு பத்தொன்பது வருஷம் புலம்பினீங்க. வந்ததுக்கும் புலம்பினா எப்படி அண்ணி?"

"நான் எப்பம்மா புலம்பினேன்? உங்க அண்ணன்தான் புலம்பினார்."

"ஆமா, நான்தான்" என்றார் கணவர், பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டபடி. "சரி, இப்ப அந்தப் பேர் அங்க இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க வண்டி ஒருத்தரை இடிச்சிடுச்சு. நீங்க அன்னைக்கு டியூட்டியிலயே இல்ல. ஆனா ஓட்டினது நீங்கன்னு டிப்போவுல எழுதி வெச்சிருக்காங்க. பெரிய எழுத்துல, பேரோட. நஷ்டமா இல்லையா?"

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். "எவன் எழுதினான்?" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தங்கக்காவைச் சமாதானம் செய்ய முயலவில்லை.

தங்கக்கா எதையும் தூக்கிப் போடாதவர். மாணவியின் அதே அக்டோபர் மாதிரிகளில் மிச்சம், கெடாமல் காக்கும் கரைசலில் மூழ்கி, அவர் அறைக் குளிர்பெட்டியில் இருந்தது. சிலிண்டர் நிறைய வாயுவும் இருந்தது. அடுத்த வாரம் முன்பதிவு இல்லாத ஒரு காலை முழுவதும் வேலை செய்தார். ஊற்றியது, ஊற்றாதது இரண்டையும் ஒரே கலத்தில், ஒரே நேரத்தில், முறைப்படி உலர்த்தினார். இரண்டிலும் கொஞ்சம் எடுத்துக் காற்றில் காயவிட்டார். சட்டைப் பொத்தான் அளவிலான நான்கு அலுமினியத் தாங்கிகள். நான்கிலும் தங்கம் பூசிப் படமெடுத்தார்.

முறைப்படி உலர்ந்தவை இரண்டும் உப்பலாக இருந்தன. காற்றில் காய்ந்தவை இரண்டும் சுருண்டு கிடந்தன. திரவம் ஊற்றியதற்கும் ஊற்றாததற்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எதுவும் இல்லை.

"அந்த மருந்து பாசியைக் கொல்லுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கொன்னாலும் கொல்லலாம். இந்தப் படம் அதைச் சொல்லலை. நான் சொல்றது இவ்வளவுதான்" என்கிறார். இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவரைத்தான் துறையில் 'வீம்புக்காரி' என்கிறார்கள்.

நான்கு படங்களையும் மேலே கொண்டுபோனபோது துறைத் தலைவர் முதலில் கேட்டது படத்தைப் பற்றி இல்லை.

"யாரைக் கேட்டு மெஷினை ஓட்டினீங்க?"

"பத்தொன்பது வருஷமா யாரைக் கேட்டு சார் ஓட்டிக்கிட்டிருக்கேன்?"

"உங்க ஒப்பந்தம் மே மாசம் முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம் அது. கையெழுத்துப் போடுகிறவர் துறைத் தலைவரேதான். ஓர் இயந்திரத்தைப் பத்தொன்பது வருஷம் ஓட்டுகிறவர் இன்னும் தற்காலிகப் பணியாளர் என்பது அந்தக் கல்லூரியில் யாருக்கும் வெட்கமாகப் படவில்லை என்பதையும் இந்த இடத்தில் குறித்துவைக்கலாம்.

ஆய்விதழின் அலுவலகத்துக்குத் தங்கக்கா எழுதினார். என் பெயரை நீக்குங்கள். பதில் வந்தது: ஆசிரியர் ஒருவரின் பெயரை நீக்க, ஐந்து ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும்.

"சேர்க்கும்போது என்னை யாரும் கேட்கலை!" அறையே அதிரக் கத்தினாராம். தேடிப் பார்த்ததில், ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அவருக்கு அல்ல, அறையின் பொது முகவரிக்கு. வாயுக் கம்பெனி விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. ஏழு நாளில் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். உள்ளே தள்ள மௌனம் போதும், வெளியே வர ஐந்து கையெழுத்து வேண்டும். எலிப்பொறிகூட இதைவிட நியாயமானது. அதில் ஒரு துண்டு தேங்காயாவது வைப்பார்கள்.

மாணவி ஒரு மதியம் கீழே வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்க பேரை எடுத்தா ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. என் நாலு வருஷமும் போயிடும்."

"உள்ள வந்து உட்காரு. கோப்புப் பேருல இருந்த 'காற்று' எங்க போச்சு? அதைச் சொல்லு முதல்ல."

"சார் எடுக்கச் சொன்னார். வார்த்தை நீளமா இருக்குன்னு."

"மூணு எழுத்து. நீளமா?"

மாணவி அழுதாள். தங்கக்கா தண்ணீர் கொடுத்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"உன் பேரைக் கெடுக்கணும்னு நான் ஒரு நாளும் நினைக்கலை. ஆனா ஜூன் மாசம் அந்த மருந்தை ஏரியில ஊத்திப் பார்க்கப்போறாங்களாம். எந்தத் தைரியத்துல? மூணாவது படத்தைப் பார்த்து. அந்தத் தண்ணியைத்தான் உன் குழந்தையும் குடிக்கும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, காயவெச்சது யாருன்னு தேடுவாங்க. அங்க உன் பேர் இல்ல, சார் பேர் இல்ல. என் பேர்தான் இருக்கு."

"நான் என்ன அக்கா செய்ய?"

"நடந்ததை எழுதிக் குடு. நடக்காததை எழுதாதே. உனக்கு மறுபடி படம் எடுக்கணும்னா சொல்லு, எத்தனை நாள் ஆனாலும் நான் எடுத்துத் தரேன்."

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. யோசிக்கிறேன் என்று போனாள். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. துறைக் கூட்டத்தில் தங்கக்காவுக்கு நாற்காலி போடவில்லை. முன்பதிவு செய்திருந்த இரண்டு பேராசிரியர்கள் காரணம் சொல்லாமல் ரத்து செய்தார்கள். நூலகர் மட்டும் ஒருநாள் கீழே வந்து, "விட்டுடுங்க அக்கா, ஊரோட ஒத்து வாழுங்க" என்றார். "ஊர் எங்க சார் இதுல இருக்கு? அஞ்சு பேர்தானே இருக்கோம்" என்றார் தங்கக்கா.

பதினொன்றாம் நாள் அவர் ஆய்விதழுக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். இந்த முறை நீக்குங்கள் என்று கேட்கவில்லை. 'மூன்றாம் ஆசிரியர் என்ற முறையில்' என்று தொடங்கினார். உலர்த்தியது நான் என்று உங்கள் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகவே உலர்த்தல் பற்றிச் சொல்லும் தகுதி எனக்குத்தான் உண்டு. இரு தொகுதிகளும் ஒரே முறையில் உலர்த்தப்படவில்லை. நான்கு வரி. கூடவே சிவப்பு மைப் பக்கத்தின் நகலும் நான்கு படங்களும்.

கௌரவம் என்று அவர்கள் கொடுத்ததையே கையில் எடுத்துக்கொண்டு அடித்தார். ஆய்விதழ் மூன்றே நாளில் கல்லூரிக்கு எழுதியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இருந்தவர்களுக்கு, சோற்றுத் தட்டையே வெளியூரிலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. விசாரிக்கக் கல்லூரியில் மூவர் குழு அமைத்தார்கள். நீர்வழங்கல் துறை ஏரிச் சோதனையைத் தள்ளிவைத்தது; காரணமாக 'நிர்வாகக் காரணம்' என்று எழுதினார்கள். மாணவி அந்த வாரம் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தைக் குழுவிடம் கொடுத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று தங்கக்காவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஒப்பந்தம் மே முப்பத்தொன்றோடு முடிந்தது. புதுப்பிக்கும் தாளில் கையெழுத்து விழவில்லை. குழு முடிவு சொல்லும்வரை வரலாம் என்று பதிவாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, அவர் தினமும் ஒன்பது மணிக்கு வந்து வெற்றிடப் பம்பை ஓடவிட்டு, எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் குழு அந்த அறையில் கூடுகிறது. நான்கு தாங்கிகளையும் மறுபடி படமெடுத்துப் பார்ப்பார்கள். இயந்திரத்தை ஓட்ட வேறொரு நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார். தங்கக்கா ஒரு தரப்பு என்பதால் அவருக்கு உள்ளே அனுமதி இல்லை. அறைச் சாவியை ஒன்பது மணிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.